மூன்று சீட்டு, ஒரு வேலை

ருக்மணி முதலில் கையை விட்டாள். அடுத்தது ஞானம். கடைசியில் நான்.

பித்தளைச் செம்பின் வாய் குறுகல். வளையல்களை முழங்கைப் பக்கம் தள்ளிக்கொண்டுதான் விரல்களை நுழைக்க முடிந்தது. அடியில் மடித்த சீட்டுகள் மூன்று கிடந்தன. விரல் பட்டதும் ஒன்று நழுவிப் போயிற்று. இன்னொன்று தானாகவே விரலிடுக்கில் வந்து நின்றது. அதையே எடுத்துப் பள்ளிக்கூட மேனேஜர் நீலகண்ட பிள்ளையிடம் கொடுத்தேன்.

அவர் பிரித்தார். புரட்டிப் பார்த்தார். மறுபடியும் முன்பக்கம் பார்த்தார். பிறகு தாளை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

எனக்கு முன்னால் போன இரண்டு பேருக்கும் அப்படித்தான் வந்திருந்தது.

வெளியே மழை விட்டிருந்தது. ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டும் தண்ணீர் முற்றத்து வாழையிலையில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. சுவரில் பகவதி படம். அதற்கு முன்னால் விளக்கு. மேனேஜர் அந்தப் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூணு பேருக்கும் இல்லையே,” என்றார். எங்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை. “அம்மைக்கு இந்த மூணு பேரும் சம்மதமில்ல போல இருக்கு.”

வாசிக்கிறவர்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் வரும். மூன்று சீட்டில் ஒன்றில் எழுத்து இருக்கிறது. மூன்று பேர் எடுத்தால் ஒருத்திக்காவது அது வராமல் எப்படிப் போகும்? அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

ஒரே மாதம் சேர்ந்தவர்கள்

யுத்த காலம் அது. பர்மா அரிசி வருவது நின்றுபோயிருந்தது. திருவனந்தபுரத்தில் எந்தத் தெருவில் நடந்தாலும் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு வேகிற மணம்தான். சாலைக் கடைத்தெருவில் அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்த இடத்தில் காலிச் சாக்குகள் மடித்துக் கிடந்தன. விலைவாசிக்குப் பயந்து பல தமிழ்க் குடும்பங்கள் பெண்டு பிள்ளைகளை நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் அனுப்பிவிட்டன. கரமனைப் பக்கம் இருந்த எங்கள் பெண் பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகள் காலியாகிக்கொண்டே வந்தன.

அங்கே தற்காலிக டீச்சர்களாக நாங்கள் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேரும் ஒரே மாதத்தில் சேர்ந்தவர்கள். பிள்ளைகள் குறைந்ததால் எங்களில் ஒருத்தியைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்ள முடியும், மற்ற இரண்டு பேரும் வேறிடம் பார்க்க வேண்டியதுதான் என்று ஆகிவிட்டது.

ருக்மணிக்கு வலியசாலை அக்ரஹாரம். கல்யாணமான சில வருஷங்களிலேயே புருஷன் இறந்துபோய்விட்டான். ஒரு பெண்குழந்தையோடு அண்ணா வீட்டில் இருந்தாள். வேலைக்கு வருவதற்கு முன்னால் அந்த வீட்டில் அடுப்பை விட்டு நகர்ந்ததில்லை. சம்பளம் வர ஆரம்பித்த பிறகு மன்னி அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள் என்று ஒருநாள் சொன்னாள். அதற்கு முன்னால் எப்படிக் கூப்பிட்டாள் என்று நான் கேட்கவில்லை.

ஞானத்துக்கு மார்த்தாண்டம் பக்கம். கிறிஸ்தவக் குடும்பம். எங்கள் இரண்டு பேரையும்விட மூத்தவள். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் கணவர் பட்டாளத்தில் கிளார்க்காகச் சேர்ந்து சிங்கப்பூர் போயிருந்தார். சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து தகவல் ஏதும் இல்லை. உயிரோடு இருக்கிறார் என்று சொல்லவும் ஆள் இல்லை, இல்லையென்று சொல்லவும் ஆள் இல்லை. மாமனார் மாமியாரும் ஒரு நாத்தனாரும் அவள் சம்பளத்தை எதிர்பார்த்து இருந்தார்கள்.

நான் நாஞ்சில் நாட்டுக்காரி. அப்பா சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். கண்ணில் புரை விழுந்து எழுத்துத் தெரியாமல் போனதும் கடைக்காரர் மரியாதையாகவே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வேலை போனால் நாங்கள் ஊருக்குத் திரும்ப வேண்டும். திரும்பினால் அடுத்த தையில் யாருக்காவது என்னைக் கட்டிவைத்துவிடுவார்கள். கணக்குப் பாடத்தில் பட்டம் வாங்கிய பெண்ணுக்கு அந்த ஊரில் வேறு உபயோகம் இருப்பதாக யாரும் நினைக்கவில்லை.

மேனேஜர் நீலகண்ட பிள்ளை சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷர். யாரிடமும் இல்லையென்று சொல்ல அவருக்கு வாய் வராது. மூன்று பேரில் யாரை வைத்துக்கொள்வது என்று பல நாள் குழம்பி, கடைசியில் சீட்டுப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார். ஞானம் மட்டும் அவரிடம் தனியாகப் போய், செம்பில் கைவிடுவதில் தனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் குங்குமம் வாங்கிக்கொள்ளச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். கையை மட்டும் விட்டால் போதும் டீச்சர் என்று அவர் சொல்லிவிட்டார்.

யார் முதலில்?

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. மூன்று சீட்டு, ஒன்றில் ‘உண்டு’ என்று எழுத்து, இரண்டு வெறுமை. எடுத்த சீட்டைத் திரும்பப் போடுவதில்லை. யார் முதலில் எடுப்பது?

ருக்மணிக்கு அதில் சந்தேகமே கிடையாது. “முன்னாடி போறவாளுக்கு மூணு சீட்டு இருக்கு. நடுவில போறவாளுக்கு ரெண்டு. கடைசிக்காரிக்கு என்னடி இருக்கும், மிஞ்சினதுதானே?” என்றாள்.

ஞானம் நேர் எதிராகப் பயந்தாள். “மொதல்ல போறதுதான் கஷ்டம். அப்பம் ரெண்டு வெத்துச் சீட்டும் உள்ள கெடக்குல்லா. அது ரெண்டும் போனப்பெறவு கைய விட்டா நமக்குத்தான் வரும்.”

இரண்டு பேரும் சொல்வதில் பாதி பாதி உண்மை இருந்தது. கடைசியில் போகிறவளுக்கு ஒரு சீட்டுதான் மிஞ்சும் என்பது வாஸ்தவம். ஆனால் அந்த ஒரு சீட்டு எந்தச் சீட்டு என்பது முன்னால் போகிறவர்களைப் பொறுத்தது. சீட்டுகள் வெளியே வரக்கூடிய வரிசைகளை எல்லாம் எழுதிப் பார்த்தால் ஆறு வரும். அந்த ஆறில் எழுத்து வருவது முதல் ஆளுக்கு இரண்டு, நடு ஆளுக்கு இரண்டு, கடைசி ஆளுக்கு இரண்டு. எந்த இடத்தில் நின்றாலும் பங்கு ஒன்றுதான். நான் இதைச் சொன்னபோது இரண்டு பேரும் கேட்டுக்கொண்டார்கள். கேட்டுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

சச்சரவு மேனேஜர் காதுக்குப் போயிற்று. நியாயஸ்தர் அல்லவா, ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொருத்தியும் சீட்டை எடுத்துக் காட்டியதும் அதை மறுபடி மடித்துச் செம்பிலேயே போட்டுக் குலுக்கிவிடுவது. அடுத்தவளும் மூன்று சீட்டிலிருந்துதான் எடுப்பாள். யாருக்கும் குறைவு இல்லை. ருக்மணிக்குத் திருப்தி. ஞானத்துக்கும் திருப்தி.

எனக்கு மட்டும் உள்ளே ஏதோ உறுத்தியது. அப்படிச் செய்தால் சார், என்று வாயைத் திறந்தேன். அவர் சிரித்தார்.

“ரெண்டு பேருக்கு வந்திருமோன்னுதானே பாக்குதீரு? அத அம்மை பாத்துக்கிடுவா.”

அதற்குமேல் அவரிடம் பேச எனக்கு அன்றைக்குத் தைரியம் இல்லை. நான் தற்காலிக டீச்சர். தவிரவும், யாருக்குமே வராமல் போகலாம் என்பது அவர் நினைவில் வரவேயில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் என் நினைவிலும் வரவில்லை.

ஆவுடையம்மாளின் ஐந்தாவது

கதையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு எங்கள் பக்கத்து வீட்டு ஆவுடையம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆவுடையம்மாளுக்கு வரிசையாக நான்கு பெண்கள். ஐந்தாவது உண்டானபோது அவள் வீட்டுக்காரர் தெருவில் ஒரு மாப்பிள்ளை நடைதான் நடந்தார். நாலு பெண் ஆகிவிட்டது, இனி ஆண்தான் என்பது அவர் கணக்கு. ஏதோ ஒரு பானையில் ஆணும் பெண்ணுமாக அளந்து வைத்திருப்பது போலவும், பெண்கள் தீர்ந்துபோய் அடியில் ஆண் மட்டும் கிடப்பது போலவும் பேசுவார். வெள்ளியில் அரைஞாண் கூடச் செய்து வைத்துவிட்டார்.

அப்போது நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். கணக்கு வகுப்பில் மூன்றே பெண்கள். வாய்ப்புக் கணக்கு அந்த வருஷம்தான் நடந்தது. ஒன்று நடந்ததால் அடுத்ததன் வாய்ப்பு மாறுகிறதா இல்லையா, இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று படித்திருந்தேன். நாணயத்தைச் சுண்டினால் முந்தைய சுண்டல் அதற்குத் தெரியாது. பெட்டியிலிருந்து பந்தை எடுத்து வெளியே வைத்துவிட்டால் பெட்டி அதற்குத் தகுந்தபடி மாறிவிடுகிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவரைக்கும் கஷ்டம் இல்லை.

ஆவுடையம்மாள் வீட்டுக்காரருக்கு நாணயமும் பெட்டியும் ஒன்றாகிவிட்டது. குழந்தைக்கு முந்தைய நான்கு பேரைத் தெரியாது என்று நான் அப்பாவிடம் சொன்னேன். இதை வெளியில் சொல்லாதே பிள்ளே என்று அப்பா சொல்லிவிட்டார்.

ஐந்தாவதும் பெண். அந்த வெள்ளி அரைஞாணைப் பெண்ணுக்கே போட்டார்கள். அவள் அதைக் கட்டிக்கொண்டு தெருவில் ஓடியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவளைப் போல ஓட அந்தத் தெருவில் எந்தப் பையனாலும் முடியவில்லை.

கரும்பலகை

மேனேஜர் அறைக்கு வருகிறேன்.

அம்மைக்குச் சம்மதமில்லை என்ற எண்ணம் அவருக்குள் விழுந்துவிட்டது. மூன்று தடவை கைவிட்டும் எழுத்து வரவில்லையென்றால் வேறென்ன அர்த்தம் என்று கேட்டார். அவர் மனைவி வழியில் நாகர்கோவிலில் ஒரு பெண் வேலை கேட்டுக்கொண்டிருந்தாளாம். அதுவரைக்கும் அவர் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. இப்போது அதுதான் வழி என்று தோன்றுகிறது என்றார். அவர் சூது தெரியாதவர். அதுதான் எனக்கு அதிக பயத்தைக் கொடுத்தது. சூதுக்காரரிடம் சண்டை போடலாம். தெய்வத்தின் உத்தரவு கிடைத்துவிட்டது என்று மனப்பூர்வமாக நம்புகிறவரிடம் என்ன செய்வது?

சாயங்காலத்துக்குள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி எங்களை வெளியே அனுப்பினார்.

பள்ளி விட்டிருந்தது. நான்காம் வகுப்பு அறையில் போய் உட்கார்ந்தோம். ருக்மணி அழவில்லை. புடவைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். “அண்ணா வீட்டில நான் சொல்லப் போறதில்லே,” என்றாள். “நாளைக்கும் பள்ளிக்கூடம் போறாப்பல கிளம்பி எங்கேயாவது போய் உக்காந்துண்டுடுவேன்.”

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. எழுந்து சாக்குக்கட்டியை எடுத்தேன்.

கரும்பலகையில் இடது ஓரத்தில் ஒரு புள்ளி வைத்து மூன்று கிளை இழுத்தேன். ருக்மணி எடுக்கக்கூடிய சீட்டுகள் மூன்று: ஒன்று எழுத்து, இரண்டு வெறுமை. சீட்டைத் திரும்பப் போட்டுவிடுகிறோம். அதனால் ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஞானத்துக்கு மறுபடி மூன்று கிளை. அந்த ஒன்பது நுனியிலும் எனக்கு மூன்று. பலகை நிறைந்துபோயிற்று. மொத்தம் இருபத்தேழு.

பிறகு ஒவ்வொரு நுனியாகப் பின்னால் நடந்து பார்த்தேன். ஒருத்திக்கு மட்டும் எழுத்து வருகிறவை பன்னிரண்டு. இரண்டு பேருக்கு வருகிறவை ஆறு. மூன்று பேருக்கும் வருவது ஒன்று. யாருக்குமே வராதவை எட்டு.

எழுதிவிட்டு நானே கொஞ்சம் அசந்து நின்றேன். மேனேஜர் நினைத்த மாதிரி ஒழுங்காக முடிவது பன்னிரண்டுதான். மீதிப் பதினைந்தும் கோளாறு. யாருக்கும் வராமல் போனது அதிசயமே இல்லை. எட்டுக் கிளைகளில் ஒன்றின்மேல் நாங்கள் போய் நின்றோம், அவ்வளவுதான்.

ஞானம் எழுந்து வந்து பலகைப் பக்கத்தில் நின்றாள். வெகுநேரம் பார்த்தாள்.

“இதுல நான் எங்க இருக்கேன் கோமதி?”

நடுக் கிளைகளைத் தொட்டுக் காட்டினேன். அவளுக்கு எழுத்து வருகிற நுனிகளை எண்ணிக் காட்டினேன். ஒன்பது. எனக்கும் ஒன்பது, ருக்மணிக்கும் ஒன்பது. ஆளுக்குப் பங்கு சமமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருத்தியின் பங்கு இன்னொருத்தியின் பங்கோடு மோதுகிறது, அல்லது மூன்று பங்கும் சேர்ந்து காணாமல் போகிறது. சீட்டைத் திரும்பப் போடாமல் இருந்தால் இந்த மோதல் வராது. ஒருத்தி எடுத்துவிட்டால் மற்றவர்களுக்கு இல்லை. முதல் இரண்டு பேரும் எடுக்காவிட்டால் மூன்றாமவளுக்கு நிச்சயம்.

“அப்பம் சாமி நம்மள வேண்டாம்னு சொல்லேல்ல,” என்றாள் ஞானம். கேள்வி மாதிரி இல்லை அது. முழுக்க நம்பிச் சொன்ன மாதிரியும் இல்லை.

“செம்புக்குள்ள போட்டதுதானே அக்கா வெளிய வரும்,” என்றேன்.

ருக்மணி தன் தூக்குச்சட்டியைத் துடைத்து என் கையில் கொடுத்தாள். எதற்கென்று முதலில் எனக்குப் புரியவில்லை.

“அவர் பலகையெல்லாம் படிக்க மாட்டார்டி. அவர் கையாலேயே எடுக்கச் சொல்லு,” என்றாள்.

மஞ்சள் கட்டி

சாக்குக்கட்டிகளை ஒரே அளவில் மூன்று துண்டாக உடைத்துக்கொண்டோம். இரண்டு வெள்ளை, ஒன்று மஞ்சள். தூக்குச்சட்டியில் போட்டு மூடி எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனோம். நான்தான் பேச வேண்டியிருந்தது.

சார், இது அம்மை முன்னால் போட்ட சீட்டு இல்லை, வெறும் சாக்குக்கட்டி, எங்களுக்காகச் சார் ஒரு தடவை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அவர் என்னையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். மாட்டேன் என்று சொல்ல வாய் வராத குணம் அன்றைக்கு எங்களுக்கு உதவியது. வெற்றிலைச் செல்லத்தை ஒதுக்கிவைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கண்ணை மூடிக்கொண்டு ருக்மணி பேருக்கு ஒன்று எடுத்தார். வெள்ளை. திரும்பப் போட்டுக் குலுக்கினோம். ஞானம் பேருக்கு எடுத்தார். வெள்ளை. என் பேருக்கும் வெள்ளை.

“இங்கயும் யாருக்கும் இல்ல,” என்றார் மேனேஜர். அவர் முகத்தில் சின்னக் குழப்பம் வந்தது. இங்கே பகவதிக்கு என்ன வேலை என்று யோசித்திருக்க வேண்டும்.

இன்னொரு முறை எடுக்கச் சொன்னேன். அந்த முறை ஞானத்துக்கு மட்டும் மஞ்சள் வந்தது. பார்த்தீரா, சரியாக வருகிறதே என்றார். மறுபடியும் எடுத்தார். ருக்மணிக்கு மஞ்சள். ஞானத்துக்கு வெள்ளை. எனக்கு மஞ்சள்.

அவர் உள்ளங்கையில் கிடந்த மஞ்சள் துண்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். விரலெல்லாம் மஞ்சள் பொடி. சொல்வதற்கு வரிசையாக வைத்திருந்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் பேச வேண்டாம் என்று தோன்றியது.

“இது அம்மைக்க முன்னால வந்திருந்தா நான் என்ன செய்திருப்பேன்?” என்றார் மெதுவாக. “ரெண்டு பேரும் எனக்குத்தான்னு நிப்பீங்க. ரெண்டு பேரு சொல்லுகதும் நியாயமாத்தான் இருக்கும்.”

அவர் வேஷ்டி மடியில் விரலைத் துடைத்துக்கொண்டார். பிறகு பொதுவாக எங்களைப் பார்த்து, “தப்பு எனக்கதாக்கும். அம்மை பேர்ல போட்டுட்டேன்,” என்றார்.

ஒரு பெரிய மனுஷர், மூன்று தற்காலிக டீச்சர்களின் முன்னால் அப்படிச் சொன்னது அந்தக் காலத்தில் சாதாரண விஷயம் இல்லை. நாகர்கோவில் பெண்ணைப் பற்றி அவர் பிறகு பேசவே இல்லை. மறுநாள் மறுபடியும் சீட்டுப் போடலாம், இந்த முறை எடுத்த சீட்டு வெளியிலேயே இருக்கட்டும் என்றார்.

கை விடாத சீட்டு

மறுநாள் அதே அறை, அதே செம்பு, அதே மூன்று சீட்டு. யார் முதலில் என்ற கேள்வி மறுபடியும் வந்தது. நான் கடைசியாக எடுக்கிறேன் என்று சொன்னேன். வீரத்துக்காகச் சொல்லவில்லை. எல்லா இடமும் ஒன்றுதான் என்று ஆறு வரிசைக் கணக்கைச் சொன்னவள், வேறென்ன சொல்ல முடியும்? ஞானம் நடுவில் நின்றாள். ருக்மணி முன்னால் போனாள்.

அவள் செம்பில் கைவிட்டு எடுத்து மேனேஜரிடம் கொடுத்தாள். அவர் பிரித்தார். புரட்டிப் பார்க்கவில்லை. எழுத்து முன்பக்கமே இருந்தது.

ருக்மணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நொடியைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அந்தத் தாள் பிரிகிற வரைக்கும் ஆறு வரிசையில் இரண்டு என்னுடையவையாக இருந்தன. பிரிந்ததும் ஒன்றுமில்லை. செம்பில் மிச்சம் கிடந்த இரண்டு சீட்டும் வெறுமை என்று பார்க்காமலே தெரிந்துவிட்டது. என் கை உள்ளே போகவே இல்லை. நியாயமாகத்தான் நடந்தது என்று அறிவுக்குத் தெரிகிறது. ஆனால் கை ஒரு மாதிரியாக, எதையோ எடுக்க வந்துவிட்டு எடுக்காமல் நிற்கிற மாதிரி, முன்னால் நீண்டபடியே இருந்தது. மடக்கி வைத்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஞானம்தான் ருக்மணியை முதலில் தூக்கிவிட்டாள். முகத்தைத் துடைத்துவிட்டாள். அதன் பிறகுதான் தன் பையை எடுத்துக்கொண்டாள்.

வாசலில் ருக்மணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ வேணும்னேதானே கடைசியா நின்னே? நேக்கு விட்டுக்குடுத்துட்டியேடி.”

நான் விட்டுக்கொடுக்கவில்லை, முதலில் நின்றாலும் என் பங்கு அதேதான் என்று அன்றைக்கே சொன்னேன். பிறகும் பல வருஷங்கள் சொல்லிப் பார்த்தேன். அவள் நம்பவே இல்லை. பிற்பாடு அந்தப் பள்ளியிலேயே தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றாள். அவள் பெண்ணுடைய கல்யாணத்தில் வந்தவர்களிடம் எல்லாம் என்னைக் காட்டி, இவள் போட்ட பிச்சைதான் இந்த வாழ்க்கை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் செய்யாத தியாகத்துக்கு அவ்வளவு பேர் முன்னால் மரியாதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பந்தியில் மூன்றாவது தடவையாக அடைப் பிரதமன் பாயசம் ஊற்றினார்கள்.

கல்லாறு

எனக்கு விதுராவில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. பொன்முடிக்குப் போகிற வழியில் ஒரு சந்தை ஊர். மலைத்தோட்டங்களில் வேலை செய்கிற தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். அப்பாவையும் அழைத்துக்கொண்டு போனேன். பார்வை மங்கிய மனுஷருக்கு அந்த ஊரின் குளிர்ச்சியும் தேயிலை லாரிகளின் வாசனையும் பிடித்துப் போயின.

ஞானம் மார்த்தாண்டத்துக்குத் திரும்பிவிட்டாள். போகிற அன்றைக்கு பஸ் நிற்கிற இடம் வரை நான் கூடப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு அவள் சொன்னாள்: “கர்த்தர் வேலைய எடுத்துட்டாரு. இனி வீட்டுக்காரர எப்பிடியும் தந்திருவாரு. ரெண்டையும் எடுக்க மாட்டாருல்லா.”

எனக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. அக்கா, சிங்கப்பூருக்குக் கரமனையைத் தெரியாது; செம்பில் வந்த சீட்டுக்கும் கடலுக்கு அந்தப் பக்கம் நடப்பதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சில நாள் முன்னால்தான் அவளுக்குப் பலகையில் கிளை கிளையாக வரைந்து காட்டியிருந்தேன். ஆனால் பஸ் கிளம்புகிற வரைக்கும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

யுத்தம் முடிந்து வெகுகாலம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் விதுராவுக்கு வந்தாள். கூடவே ஒருவர் வந்தார். வேஷ்டியும் சட்டையும் உடம்பில் நிற்காமல் தொங்கின. அவர்தான் தன் வீட்டுக்காரர் என்று ஞானம் சொல்லித்தான் தெரிந்தது. காட்டில் ரயில் பாதை போடுகிற வேலைக்கு ஜப்பான்காரர்கள் கொண்டுபோயிருந்தார்களாம்.

சோற்றைக் கட்டிக்கொண்டு ஒரு எஸ்டேட் லாரியில் ஏறிக் கல்லாறு போனோம். மலையிலிருந்து இறங்குகிற தண்ணீர் உருண்டைக் கற்களுக்கு நடுவே சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. அவர் ஒரு பாறைமேல் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டுக்கொண்டார். கணுக்காலைச் சுற்றித் தழும்புகள் தெரிந்தன. நான் இலை போட்டுச் சோறு வைத்தேன். இலையில் விழாமல் பாறையில் சிந்திய பருக்கைகளை அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டார்.

ஞானம் அதைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: “நான் அன்னைக்கே சொன்னேன்லா கோமதி? வேலைய எடுத்தாரு, இவர தந்துட்டாரு.”

அந்த வேலை அவளுக்கே கிடைத்திருந்தாலும் அவர் திரும்பியிருப்பார். மூன்று பேருக்குமே கிடைக்காமல் போயிருந்தாலும் திரும்பியிருப்பார். திரும்பாமலும் இருந்திருக்கலாம். இரண்டும் வேறு வேறு. இன்றைக்கும் யாராவது கேட்டால் அதைத்தான் சொல்லுவேன்.

“ஆமாக்கா, சொன்னிய,” என்றேன். அவர் இலையில் இன்னும் ஒரு கை சோறு வைத்தேன்.